நாயைப் பற்றி ஒரு கேள்வி

ஹாரி பாட்டர் முதல் நாவல் 1997இல் வந்தது. அதில் ஹாக்வார்ட்ஸ் பள்ளியிலிருந்து ஹாரிக்கு வரும் கடிதத்தின் உறையில் முகவரி மிகத் துல்லியமாக இருக்கும்: சர்ரே, லிட்டில் விங்கிங், பிரிவெட் டிரைவ் 4ஆம் எண் வீடு, அந்த வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறை. மாயப் பள்ளிக்கு எல்லாம் தெரியும் என்று காட்டும் வேடிக்கையாக நாவல் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நம்மில் பலரும் புன்னகைத்தபடி பக்கத்தைப் புரட்டியிருப்போம். சில வாசகர்கள் மட்டும் புரட்டவில்லை. பதினொரு வயது நிறையப்போகும் பையன் சிலந்திகளோடு எங்கே படுத்துத் தூங்குகிறான் என்பது பள்ளிக்குத் தெரிந்திருக்கிறது, உறையிலேயே எழுதியும் இருக்கிறது. பிறகு ஏன் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை?

இந்தக் கேள்வியிலிருந்து ஒரு தனி இலக்கியமே கிளைத்திருக்கிறது. ரசிகர்கள் தாங்கள் நேசிக்கும் கதைமாந்தரை எடுத்துக்கொண்டு, காசுக்கும் புகழுக்கும் அல்லாமல் எழுதும் புனைவை ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறோம். அதற்குள் எத்தனையோ வகைகள். நான் பேச விரும்புவது ஒரே ஒரு வகையை: அடியும் பட்டினியும் புறக்கணிப்பும் கண்டு வளர்ந்த ஹாரியை, அவனை வெறுப்பதாக எல்லோரும் நம்பும் ஆசிரியர் செவரஸ் ஸ்னேப் கண்டுகொண்டு, மெல்ல மெல்லக் காப்பாளராக மாறும் கதைகள். ஸ்னேப்பே அவனைப் பெற்ற தந்தை என்று வைத்து எழுதினால் அதற்கு ‘செவரிட்டஸ்’ என்று பெயர். ரத்த உறவு இல்லாமல் வளர்ப்புத் தந்தையாகவோ வழிகாட்டியாகவோ ஆக்கினால் ‘செவிட்டஸ்’. கால் நூற்றாண்டாக எழுதப்பட்டு வரும் வகை இது. கதை ஒவ்வொன்றின் கீழும் வாசகர்கள் எழுதும் பதில்களையும் சேர்த்துப் படித்தால்தான் இதன் முழு அழகு தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம், இந்தக் கதைகளே ஒரு வாசகரின் பதிலாகத்தான் பிறந்தன.

மூல நாவல் ஹாரியின் வீட்டுக் கொடுமையைக் கேலிச்சித்திரமாக வரைகிறது. ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் இது பழகிய முறைதான். ரோல்ட் டாலின் ‘மடில்டா’வில் (1988) தலைமையாசிரியை டிரஞ்ச்புல் ஒரு சிறுமியைச் சடையைப் பிடித்துச் சுழற்றி வீசுவாள், குழந்தைகள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஹாரியை வளர்க்கும் டர்ஸ்லி குடும்பமும் அதே வண்ணத்தில் தீட்டப்பட்டதுதான். ஆனால் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு 1998இல் வந்த இரண்டாம் நாவலைப் படித்துப் பாருங்கள். ஜன்னலுக்குக் கம்பி அடித்து, கதவில் பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே ஆறிப்போன சூப்பைத் தள்ளுகிறார்கள். பையன் அதிலிருந்த காய்கறித் துண்டுகளைத் தன் ஆந்தைக்குக் கொடுக்கிறான். நண்பர்களான வீஸ்லி சகோதரர்கள் பறக்கும் காரில் வந்து கம்பியைப் பிடுங்கி அவனை மீட்கிறார்கள். அவர்களின் அம்மா தட்டு நிறைய சாசேஜ் வைக்கிறாள். அன்பான பெண்மணிதான். ஆனால் அடுத்த கோடையில் அவன் மறுபடியும் அதே வீட்டில் இருக்கிறான்.

ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர் இந்த இடத்தில் சிரிக்க மறுத்தவர். அந்த மறுப்பில் இருக்கும் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அன்பு காட்டுவதற்கு ஸ்னேப் எதற்கு? மூன்றாம் நாவலில் வரும் லூப்பின் இருக்கிறார்; சாக்லேட் கொடுத்து, பொறுமையாகப் பாடம் சொல்லித்தருபவர். ஞானத்தந்தை சிரியஸ் தன்னோடு வந்து வாழலாம் என்று கூப்பிடவும் செய்கிறார். அப்படி நல்லவர்கள் இருக்க, வகுப்பில் முதல் நாளே ஹாரியை அவமானப்படுத்திய மனிதரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? பதில் 2003இல் வந்த ஐந்தாம் நாவலில் இருக்கிறது. அதுவும் ஓரிரு வரிகளில்.

மனத்தைப் பிறர் ஊடுருவாமல் காக்கும் வித்தையை ஸ்னேப் ஹாரிக்குக் கற்றுக்கொடுக்கும் காட்சி அது. பயிற்சிக்காக அவனுடைய நினைவுகளுக்குள் நுழைகிறார். ஐந்து வயது ஹாரி, டர்ஸ்லி வீட்டுப் பையன் டட்லியின் புதுச் சிவப்புச் சைக்கிளைப் பார்த்து ஏங்கி நிற்கிறான். ஒன்பது வயதில் ஒரு புல்டாக் அவனை மரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நிற்கிறது. குடும்பமே பார்த்துச் சிரிக்கிறது. மந்திரம் அறுந்து இருவரும் மீள்கிறார்கள். அப்போது ஸ்னேப் அந்த நாய் யாருடையது என்று ஒரு கேள்வி கேட்கிறார். மார்ஜ் அத்தையுடையது என்று வெறுப்போடு முணுமுணுக்கிறான் ஹாரி. அவ்வளவுதான். நாவல் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறது.

பின்னால் ஒரு வகுப்பில் இதுவே தலைகீழாக நடக்கிறது. ஹாரியின் கேடய மந்திரம் திருப்பியடிக்க, அவன் ஸ்னேப்பின் நினைவுக்குள் விழுகிறான். கத்துகிற ஓர் ஆண், ஒடுங்கி நிற்கிற ஒரு பெண், மூலையில் அழுகிற கருமுடிச் சிறுவன். இரண்டு பேரும் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துவிட்டார்கள். மூல நூலில் அதற்குப் பிறகு அந்தக் கதவு அடித்துச் சாத்தப்படுகிறது. ஹாரி பார்க்கக் கூடாத இன்னொரு நினைவைப் பார்த்துவிடுகிறான், ஸ்னேப் அவனை அறையை விட்டே துரத்துகிறார், பாடம் நின்றுபோகிறது. 2007இல் வந்த கடைசி நாவலில் சிறுவன் ஸ்னேப் அளவுக்கு மீறிய பெரிய கோட்டும் பொருந்தாத உடுப்புமாக நிற்பதைப் பார்க்கும்போது, டட்லியின் தொளதொளத்த பழைய சட்டைகளில் வளர்ந்த ஹாரி நம் நினைவுக்கு வராமல் போவதில்லை. அந்தக் காட்சியை ஹாரி பார்க்கிற நேரத்தில் ஸ்னேப் உயிரோடு இல்லை.

நாயைப் பற்றிய அந்தக் கேள்விக்கு அடுத்ததாக இன்னொரு கேள்வியை வைத்துப் பார்த்ததுதான் இந்தக் கதைகளின் கலை. சிரித்தவர்கள் யார், யாரும் உன்னை இறக்கிவிடவில்லையா என்று ஸ்னேப் கேட்டிருந்தால் என்ன ஆகும்? லூப்பினுக்கு இரக்கம் உண்டு. ஆனால் அடிக்கிற வீட்டில் வளர்ந்தவரின் கண் ஸ்னேப்புக்குத்தான் உண்டு. கை உயர்ந்தால் சுருங்கும் தோள், தேவைக்கு மேல் நீளமான சட்டைக் கை, விசாரித்தால் உடனே தயாராக வரும் பொய் இவையெல்லாம் அவருக்குத் தன்னிடமே பார்த்துப் பழகியவை. டாலும் இதை அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது. மடில்டாவை அரவணைக்கும் ஹனி டீச்சர், அதே டிரஞ்ச்புல்லின் பிடியில் வளர்ந்த பெண்தான்.

இந்த வகையின் தேர்ந்த எழுத்தாளர்களிடம் நான் ரசிப்பது அவர்களின் நிதானத்தை. ஒரு கட்டியணைப்புக்கு இருபது அத்தியாயம் காத்திருக்க வைப்பார்கள். அதுவரை நடப்பதெல்லாம் சின்னச் சின்னச் செயல்கள். நான்காம் நாவலில் ஹாரி நண்பர்கள் அனுப்பிய கேக்குகளைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வைப்பான். மூலத்தில் அது டட்லியின் டயட் பற்றிய நகைச்சுவை. ஃபேன் ஃபிக்‌ஷனில் அதே பழக்கம் ஹாக்வார்ட்ஸுக்கும் கூடவே வரும். தலையணைக்கு அடியில் ரொட்டி. அதைக் கண்டுபிடிக்கும் ஸ்னேப் திட்டுவதில்லை, தேற்றுவதும் இல்லை. கெட்டுப்போகாத பிஸ்கட் டப்பா ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு, அது காலியானால் சொல் என்று கடுகடுப்பாகவே சொல்லிப் போகிறார். இதுபோன்ற காட்சியை எத்தனை பேர் எழுதிப் படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. படங்களில் அந்த வேடம் ஏற்ற ஆலன் ரிக்மனின் இழுத்துப் பேசும் குரல் அந்தக் கடுகடுப்புக்குள் கேட்கும்.

ஸ்னேப்பின் தொழிலும் இதற்கு வாகாக அமைந்துவிட்டது. மாயக் கஷாயம் காய்ச்சுகிறவர் அவர். நல்ல கதைகளில் ஹாரி மனம் திறப்பது நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிக்கும்போது இல்லை. நிலவறையில் இருவரும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக நின்று வேர்களை நறுக்கிக்கொண்டிருக்கும்போது அது நடக்கிறது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. கைக்கு வேலை இருக்கிறது. நடுவில் பேச்சு நின்றுபோனாலும் தப்பில்லை. டிக்கன்ஸ் 1849–50இல் தொடராக எழுதிய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நினைவுக்கு வருகிறது. மாற்றாந்தந்தையின் பிரம்படிக்கு ஆளாகி, பிறகு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் டேவிட், லண்டனிலிருந்து டோவர் வரை நடந்தே போய்ப் பாட்டி முறையான பெட்சி டிராட்வுட் வீட்டு வாசலில் அழுக்கும் கந்தலுமாக நிற்பான். இவனை என்ன செய்வது என்று அவள் வீட்டிலிருக்கும் மிஸ்டர் டிக்கிடம் கேட்க, குளிப்பாட்டலாம் என்பதே அவர் யோசனை. அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பரிவு எதுவும் இருக்க முடியாது. ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுபவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

பெற்ற தந்தை, வளர்ப்புத் தந்தை என்ற இரண்டு கிளைகளில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஸ்னேப்பே தந்தை என்று ஒரு ரகசியம் வெளிப்பட்டுவிட்டால், அவர் காட்டும் அக்கறைக்கு ரத்தம் பொறுப்பேற்றுவிடுகிறது. தான் வெறுத்த ஜேம்ஸின் மகன், அவனுடைய முகத்தையே உரித்துவைத்தவன் என்று தெரிந்தும் அவனுக்காகக் கதவைத் திறந்துவைப்பது வேறு கனம் உடையது. அங்கே ஒவ்வொரு நாளும் அவர் அந்த முடிவை மறுபடி எடுத்தாக வேண்டும். கதைக்கு நீளமும் ஆழமும் அங்கிருந்துதான் வருகிறது.

இனி அந்த வாசகர்கள். ரசிகர் புனைவில் வாசகர் கடிதம் இணையத்துக்கு முந்தியது. 1967இல் ‘ஸ்பாக்கனாலியா’ என்ற ஸ்டார் டிரெக் ரசிகர் இதழ் வந்தது. அதன் பின் பெருகிய அச்சிதழ்களில் கதைகளுக்கு இணையாகக் கடிதங்களும் இடம் பிடித்தன. ஒருவர் காயப்பட, மற்றவர் ஆற்றுப்படுத்தும் கதைகளுக்கு ‘ஹர்ட்-கம்ஃபர்ட்’ என்ற பெயர் நிலைத்ததும் அந்த உலகில்தான். இன்று அத்தியாயம் அத்தியாயமாக வரும் கதைக்கு அடுத்த நாளே பதில் வந்துவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் போதே வாசகரின் கை எழுத்தாளரின் தோளில் இருக்கிறது.

அந்தப் பதில்களில் பாதி, ஆவலின் கூச்சல். அடுத்தது எப்போது, தலைமையாசிரியர் டம்பிள்டோர் இதற்கு என்ன பதில் சொல்லப்போகிறார் என்பவை. அவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. கைவிடப்பட்ட ஒரு பிள்ளைக்காக இத்தனை பேர் கோபப்படுவது நல்ல காட்சி. இன்னொரு வகை வாசகர் மூலநூலின் காவலாளி. ஸ்னேப் மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்ணே மணியே என்று கொஞ்சினால் ‘ஓஓசி’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வந்துவிடும். குணம் மாறிவிட்டது என்று பொருள். இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் அந்த நிதானம் என்ற கலையே வளர்ந்திருக்காது.

மூன்றாவது வகைப் பதில்களைப் படிக்கும்போது நான் நிமிர்ந்து உட்கார்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து வந்தவர்கள் எழுதுபவை அவை. அவர்கள் தங்கள் கதையை நீளமாகச் சொல்வதில்லை. ஒரு விவரத்தைத் திருத்துவார்கள். அடிபட்ட குழந்தை சத்தத்துக்கு மட்டும் பயப்படாது, வீடு திடீரென அமைதியானாலும் பயப்படும். படியில் கேட்கும் காலடியை வைத்தே யார், எந்த மனநிலையில் வருகிறார் என்று கணித்துவிடும். அன்பாக நடத்தப்பட்டால் நிம்மதி அடையாமல், இது எப்போது உடையும் என்று சோதித்துப் பார்க்கும். அதனால்தான் நல்ல கதைகளில் ஹாரி, ஸ்னேப் அன்பாக இருக்கத் தொடங்கிய பிறகே மோசமாக நடந்துகொள்கிறான். ஜாடியை உடைக்கிறான், கத்துகிறான், அடிக்கச் சொல்லிச் சீண்டுகிறான். அந்தக் கட்டத்தில் ஸ்னேப் கையை ஓங்காமல் நிற்பதுதான் பல கதைகளின் உச்சம். அந்த உச்சம் எழுத்தாளர் ஒருவர் தனியாகக் கண்டடைந்தது என்று நான் நம்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லச் சொல்ல, அடுத்தடுத்து எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதன் விளைச்சல் அது.

எல்லாக் கதையும் இந்தத் தரத்தில் இல்லை. எலும்பு முறிவுகளையும் சவுக்கடித் தழும்புகளையும் அடுக்கிக்கொண்டே போய், பையனை ஒரு காயப் பட்டியலாக மாற்றிவிடும் கதைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். டர்ஸ்லி வீட்டு வெர்னன் மாமாவை மந்திரத்தால் வதைத்து மகிழும் பழிவாங்கல் அத்தியாயங்களும் அப்படியே. வாசகர்கள் அவற்றுக்குக் கைதட்டுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் கதையின் கண் பையனை விட்டு விலகிவிடுகிறது.

இதையெல்லாம் விடக் கடினமான பரீட்சை ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் லாங்பாட்டம். மூன்றாம் நாவலில் அந்தப் பையனின் உள்ளத்தில் இருக்கும் மிகப் பெரிய பயம் எது என்று போகர்ட் என்ற உருமாறும் மாயப் பிராணி காட்டும்போது, எதிரே வந்து நிற்பது ஸ்னேப்தான். அதே நாவலில் நெவில் காய்ச்சிய கஷாயத்தை அவனுடைய தேரைக்கே ஊற்றிப் பார்ப்பவரும் அவரே. நெவிலின் குழந்தைப் பருவமும் நகைச்சுவையாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது: மந்திர சக்தி இருக்கிறதா என்று பார்க்க, பெரிய தாத்தா முறையான ஆல்ஜி அவனை மாடி ஜன்னலிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டுக் கைதவறி விட்டுவிடுகிறார். ஹாரிக்காகச் சிரிக்க மறுத்த வாசகர் இங்கே மட்டும் எப்படிச் சிரிப்பார்? ஹாரியிடம் கனிந்த ஸ்னேப் அடுத்த நாள் வகுப்பில் நெவிலைப் பழையபடி நடுங்கவைத்தால், அந்தக் கனிவை நாங்கள் எதை வைத்து நம்புவது என்று கதையின் கீழே யாராவது கேட்டுவிடுகிறார்கள். பல எழுத்தாளர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். சிலர் நின்று, நெவிலுக்கென்று ஓர் அத்தியாயம் எழுதுகிறார்கள். அதில் ஸ்னேப் மன்னிப்புக் கேட்கிறார். நெவில் உடனே மன்னிப்பதில்லை. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் கதைகள் அந்தச் சிலர் எழுதியவை.