கணக்கதிகாரமும் பலாச்சுளையும்

மாணவர்க்குக் கணிதத்தின்பால் விருப்பம் உண்டாக்க வேண்டும் என்று பேசப் புகும் நம்மவர் பெரும்பாலும் கணக்கதிகாரத்தையே கையில் எடுக்கின்றனர். காரிநாயனார் இயற்றிய அந்நூல் அதற்குத் தகுதியுடையதே. பொன்னும் நெல்லும் நிலமும் அளக்கும் விதிகளுக்கு நடுவே, பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்றும், பூசணிக்காயைப் பிளக்காமலே விதை எத்தனை என்றும் சொல்ல அதில் வழி கூறப்பட்டுள்ளது. இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காராத பிள்ளை ஏது?

குறை நூலில் அன்று. அதை நாம் எடுத்துரைக்கும் முறையில்தான் உள்ளது. பலாவின் காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை கிடைக்கும் என்பது விதி. முள் 50 எனில் சுளை 60. மேடையில் இதைச் சொன்னவுடன் கைத்தட்டல் எழுகிறது. முன்னோர் பெருமையோடு பேச்சும் முடிகிறது. பழத்தை அறுத்துப் பார்த்தவர் எவர்? முள் 51 ஆனால் விடை ஒரு பின்னமாகத்தானே வரும்? கணக்காகச் சொன்னால் 61 சுளையும், ஒரு சுளையில் ஐந்தில் ஒரு பங்கும். அந்தப் பங்குச் சுளையை எந்தப் பலாவில் தேடுவது?

பூசணியின் கதை இதனினும் வேடிக்கை. கீற்றுகளை எண்ணி, மூன்று, ஆறு, ஐந்து ஆகியவற்றால் பெருக்கி, பாதியைத் தள்ளி, மீண்டும் மூன்றால் பெருக்க வேண்டும் என்று பொருள் கூறுவர். சுருக்கிப் பார்த்தால் கீற்று ஒன்றுக்கு 135 விதை. பத்துக் கீற்றுக்கு 1350, பதினொன்றுக்கு 1485. ஆகவே 1400 விதையுள்ள பூசணி உலகில் காய்க்கவே கூடாது! சாம்பாருக்குக் காய் நறுக்கும் தாய்மாரிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

எனினும் பலா விதியை வெறும் கற்பனை என்று தள்ளிவிடலும் ஆகாது. பலாப்பழம் ஒரே பூவிலிருந்து உண்டாவதன்று. பல பூக்கள் ஒன்றிச் சேர்ந்த திரள். மேலே தெரியும் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் அடையாளம். கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாதது சுளைகளுக்கிடையே நாராகக் கிடக்கிறது. முள்ளுக்கும் சுளைக்கும் உறவு உண்டு என்று கண்ட கண் கூரிய கண்தான். அவ்வுறவு எல்லாப் பழத்திலும் ஆறுக்கு ஐந்தாக நிற்கும் என்பதே ஐயத்திற்குரியது.

அதே நூலில் வட்டத்தின் பரப்பு காணும் விதியும் உண்டு: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. விட்டம் 14, சுற்றளவு 44 என்று கொண்டால் பரப்பு 154. இது எந்த வட்டத்திலும் பிழைக்காது. ஏன் என்றும் காட்டலாம். ஒரு தோசையை நடுவிலிருந்து சிறு சிறு துண்டுகளாக அறுத்து, தலையும் காலும் மாறி மாறி வரும்படி அடுக்கினால் ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் அமையும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. அகலம் பாதி விட்டம்.

பலா விதியையும் வட்ட விதியையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு இரண்டுக்கும் ஒரே கைத்தட்டல் வாங்குவதைத்தான் நான் குறை கூறுகிறேன். முன்னது சோதித்துப் பார்க்க வேண்டியது. பின்னது மெய்ப்பித்துக் காட்டக்கூடியது. இவ்வேறுபாட்டை அறியாத பிள்ளை விடையை நம்பக் கற்கிறானே அன்றிக் கணக்கைக் கற்கவில்லை.

நம் நாட்டில் பலாவுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் நான்கைந்து பழங்களை வகுப்புக்குக் கொணரட்டும். கத்தியில் தடவ எண்ணெயும் கொணரட்டும். பிள்ளைகள் முதலில் முள்ளை எண்ணி எழுதட்டும். பிறகு சுளையை எண்ணி அதன் பக்கத்தில் எழுதட்டும். எண்ணி முடியும் வரை ஒருவரும் தின்னாமல் பார்த்துக்கொள்வது மட்டும் ஆசிரியர் பொறுப்பு.