60 வாட் லேசர், 26 டிகிரி தண்ணீர்

கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போன பாரிமுனை ஆண்டர்சன் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு சின்னக் கடை. வீட்டுப் பெயர்ப்பலகை, பள்ளி ஆண்டு விழா ஷீல்டு, கல்யாண வீட்டில் கொடுத்தனுப்பும் சாவிக்கொத்து, கொலுவில் வைக்க எம்.டி.எஃப். கோபுரம் என்று எது கேட்டாலும் வெட்டித் தருவார்கள். இத்தனை வேலையையும் சில ஆண்டுகளாகச் செய்து வந்தது ஒரு 10 வாட் டயோடு லேசர். சித்திரை நடுவில் அதன் பக்கத்தில் 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் வந்து இறங்கியது. கத்திரி வெயில், ஆடிக் காற்று, ஆவணிப் புழுக்கம் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. அது எப்படி உழைக்கிறது என்று சொல்ல இப்போது போதுமான விஷயம் இருக்கிறது.

மிஷினின் விவரப் பட்டியலை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 600க்கு 400 மி.மீ. படுக்கை, ரூய்டா கன்ட்ரோலர், கண்ணாடி டியூப், ஏறி இறங்கும் மேடை. சீனாவில் ஒரே அச்சில் செய்த பெட்டிகள் இங்கே ஆளுக்கொரு ஸ்டிக்கரோடு விற்பனையாகின்றன. அதனால் ஸ்டிக்கரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதல் சில நாட்கள் கடையில் கொண்டாட்டம்தான். பழைய டயோடின் நீல ஒளி சுமார் 450 நானோமீட்டர். கிளியர் அக்ரிலிக் அந்த ஒளியை உள்ளே பிடித்து வைக்காது, அப்படியே கடந்துபோக விட்டுவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் ஷீட்டில் கீறல்கூட விழாது. புதிய மிஷினின் ஒளி 10.6 மைக்ரான், கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. அதே அக்ரிலிக் இதை மேல்தோலிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. 5 மி.மீ. ஷீட்டை ஒரே ஓட்டத்தில் அறுத்துப் போடுகிறது. அறுத்த விளிம்பை எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் பாலிஷ் போட்டதுபோல் பளபளக்கும். உப்புத்தாள் தேய்க்கும் வேலையே இல்லை. காஸ்ட் ஷீட்டில் எழுத்துப் பொறித்தால் வெள்ளை வெளேரென்று தெளிவாக விழுகிறது. முன்பு நாலு ஓட்டம் ஓட்டி, ஓரம் கருகி வந்த 3 மி.மீ. எம்.டி.எஃப். இப்போது ஒரே ஓட்டத்தில் வந்துவிடுகிறது. "இல்லம்" என்று எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டும்போது இரண்டு புள்ளிகளும் தனியே கழன்று தேன்கூட்டு மேடையின் ஓட்டைக்குள் விழுந்துவிடும் தொல்லை மட்டும் மாறவில்லை. தமிழ்ப் பெயர்ப்பலகை வெட்டும் ஒவ்வொரு கடையிலும் புள்ளி பொறுக்கவே ஒரு ஆள் வேண்டும்.

அதன்பின் கத்திரி பிறந்தது.

காலை பத்து மணிக்கு ஷீட்டிலிருந்து தானாகக் கழன்று விழுந்த அதே ஃபைல், மதியம் இரண்டு மணிக்கு விழவில்லை. அதே ஷீட், அதே வேகம், அதே பவர்தான். அடிப்பக்கம் மட்டும் மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மிஷின் விற்றவரிடம் போன் போட்டால் லென்ஸைத் துடைக்கச் சொன்னார். துடைத்தாயிற்று. கண்ணாடிகளின் நேர்பார்வையைச் சரிபார்க்கச் சொன்னார். டேப் ஒட்டிச் சுட்டுப் பார்த்ததில் நான்கு மூலையிலும் புள்ளி ஒரே இடத்தில்தான் விழுந்தது. ஃபைலில்தான் கோளாறு இருக்கும் என்றார். கடைசியில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறக்கவேயில்லை. மேசைக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றினார்.

"கைய உள்ள விட்டுப் பாருங்கண்ணே."

வெந்நீர்.

இந்த மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இந்தத் தண்ணீர்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கண்ணாடி டியூபுக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஒளியாக மாறுவதில்லை. 60 வாட் ஒளி வெளியே வர, உள்ளே 350 வாட் அளவுக்குச் செலவாகிறது. மிச்சம் சுமார் 300 வாட் வெப்பமாகி, டியூபைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. மிஷினோடு "செட்" என்று சொல்லிக் கொடுத்தது சிடபிள்யூ-3000 வகைக் குளிர்விப்பான். பெயரில் சில்லர் என்று இருந்தாலும் அதில் கம்ப்ரஸர் கிடையாது. ஒரு ரேடியேட்டரும் ஃபேனும்தான். தண்ணீர் அறையைவிட ஒவ்வொரு டிகிரி அதிகமாகச் சூடாகும்போதும் 50 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். 300 வாட்டைத் தள்ள வேண்டுமென்றால் தண்ணீர் அறையைவிட 6 டிகிரி அதிகமாகவே இருந்தாக வேண்டும். மே மாத மதியத்தில் தகரக் கூரைக் கடைக்குள் 36 டிகிரி என்றால் தண்ணீர் 42. டியூபோடு வந்த தாளில் அச்சிட்டிருப்பதோ 15 முதல் 25 டிகிரி வரை. அந்தச் சாதனத்தின் மேல் குற்றமில்லை. சின்ன டியூபுக்கும் குளிர்ந்த ஊருக்கும் அது போதும். சென்னையில் 60 வாட்டோடு அதைச் சேர்த்து விற்பதுதான் குற்றம்.

சூடானால் ஏன் வலு குறைகிறது என்பதற்கு இந்த லேசரின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி.குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். மின்சாரத்தால் கிளர்ச்சியடைந்து, அந்த ஆற்றலைக் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்குக் கைமாற்ற நைட்ரஜன் சேர்ந்தது. ஹீலியம் சேர்ந்ததோ முக்கியமாக வெப்பத்துக்காக. மூலக்கூறு ஒளியை உமிழ்ந்துவிட்டுக் கீழ்நிலையில் தேங்கிக் கிடக்காமல் அதைக் காலிசெய்து, சூட்டைக் கண்ணாடிச் சுவருக்குக் கடத்துவது ஹீலியத்தின் வேலை. சுவருக்கு வெளியே ஓடும் தண்ணீரே சூடாக இருந்தால் அந்த வெப்பம் எங்கே போகும்? கீழ்நிலை நிரம்பி வழிகிறது, ஒளி குறைகிறது. ஆண்டர்சன் தெருப் பக்கத்தில் அக்ரிலிக் கழன்று விழாததற்குக் காரணம் இதுதான்.

வெட்டவில்லை என்றதும் எந்தக் கடைக்காரரும் செய்வது பவரை ஏற்றுவது. 65 சதவீதத்தை 85 ஆக்குவார்கள். திரையில் சதவீதம் மட்டும்தான் தெரியும். டியூபுக்குள் எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்று காட்ட இந்தப் பெட்டியில் ஒரு மீட்டர்கூட இல்லை. இந்த அளவு டியூப் 20 மில்லி ஆம்பியரை ஒட்டித்தான் வேலை செய்ய வேண்டும். சதவீதத்தை மேலே ஏற்றினால் அந்த எல்லையைச் சத்தமில்லாமல் தாண்டி, டியூபின் ஆயுளைத் தின்றுவிடும். முள் காட்டும் சாதாரண மீட்டர் ஒன்றின் விலை என்ன பெரிய விலை? இத்தனை பெரிய பெட்டியில் அதை வைக்காமல் விட்டதற்கு ஒரு நியாயமும் இல்லை. கடையில் தனியாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். 60 வாட்டுக்கு மேல் வாங்குகிற யாரும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும்.

மீட்டரோடு சிடபிள்யூ-5000 சில்லரும் வந்தது. இது குளிர்சாதனப் பெட்டி போலவே கம்ப்ரஸர் வைத்தது. 700 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வாங்கியவுடன் அதை அப்படியே ஓட்டிவிடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது அறை வெப்பத்தைப் பார்த்து, அதைவிட இரண்டு டிகிரி குறைவாகத் தண்ணீரை வைத்துக்கொள்ளும் தானியங்கி முறையில் இருக்கிறது. நம் ஊர் அறையின் சூட்டுக்கு அது பொருந்தாது. நிலையான வெப்பநிலைக்கு மாற்றி, வேண்டிய எண்ணைக் கொடுக்க வேண்டும்.

வேண்டிய எண் எது? தாளில் இருப்பதை நம்பிக் கடையில் 20 என்று வைத்தார்கள். ஆவணியில் ஒரு நாள் இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில் பின்மூடியைத் திறந்தபோது டியூப் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. சிவப்பு ஒயர் சேரும் முனையில், சிலிகான் உறைக்கு ஒரு விரல் தள்ளி, ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பது போலத்தான். டம்ளரில் வியர்த்தால் மேசை நனையும், அவ்வளவுதான். இந்த ஒயரிலோ பல ஆயிரம் வோல்ட். ஈரத்தின் வழியே அது பெட்டிக்குப் பாய்ந்தால் பவர் சப்ளையும் போகும், எர்த் சரியில்லாத கடையில் ஆளையும் அடிக்கும்.

கணக்கு இதுதான். அறையில் 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் பனி பிடிக்கும். சென்னையில் மழை ஓய்ந்த நாளில் இது சாதாரண நிலவரம். கடற்கரை ஊரில் 20 டிகிரித் தண்ணீர் என்பது டியூபைத் தினமும் குளிப்பாட்டுவதற்குச் சமம். கடையில் இப்போது 26க்கும் 27க்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். 20இல் கிடைப்பதைவிட ஒளி கொஞ்சம் குறைவுதான். காலையிலும் மதியத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதுதான் பெரிய லாபம். ஃபைலை ஒரு முறை சரிபார்த்தால் போதும். மார்கழியில் காற்று காய்ந்ததும் இன்னும் இறக்கிக்கொள்ளலாம். கோயம்புத்தூர்க்காரருக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்காது. தூத்துக்குடிக்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் நிச்சயம் உண்டு.

ஏ.சி. போட்டால் தீராதா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப்படி தீரும். அறையை 27 டிகிரி, 55 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் பனிப்புள்ளி 17க்கு இறங்கிவிடும். ஆனால் லேசர் ஓடும்போது புகைபோக்கி ஓடியே ஆக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே இருப்பது 1,200 கன அடிக் காற்று. நிமிடத்துக்கு 300 கன அடி இழுக்கும் ஃபேன் நாலே நிமிடத்தில் மொத்த ஏ.சி. காற்றையும் தெருவுக்குத் துப்பிவிடும். அந்த இடத்தை நிரப்ப ஷட்டருக்கு அடியில் நுழைவது தெருவின் புழுக்கம். புகைபோக்கியை நிறுத்திவிட்டு ஓட்டுவது பேச்சுக்கே இடமில்லாதது: அக்ரிலிக் புகை தலையைச் சுற்ற வைக்கும், எம்.டி.எஃப். புகையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. ரெக்ஸின் சாவிக்கொத்து கேட்டு வருகிறவர்களைக் கடையில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது பி.வி.சி. பூசிய துணி, சுட்டால் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், மிஷினின் தண்டவாளத்தையும் துருப்பிடிக்க வைக்கும்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். போர் தண்ணீர் டியூபுக்குள் உப்புப் படிய வைக்கும். கேன் தண்ணீரிலும் கரைந்த உப்பு உண்டு, மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அதுவும் பச்சை படியத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். பெட்டியின் பாதுகாப்புச் சுற்று பார்ப்பது தண்ணீர் ஓடுகிறதா என்பதை மட்டுமே. கொதித்தாலும் ஓடினால் போதும் என்று சுட்டுக்கொண்டேயிருக்கும். சில்லரின் அலாரம் ஒயரையும் அதே சுற்றில் சேர்த்துவிட்டால், சூடு தாண்டியதும் லேசர் தானாக நிற்கும். சில நிமிட வேலைதான். விற்றவர் அந்த ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டிக்குள்ளேயே விட்டுப் போயிருந்தார்.

மிஷினில் குறை இன்னும் சில உண்டு. கண்ணாடி டியூப் பத்து சதவீதத்துக்குக் கீழே சரியாகப் பற்றுவதில்லை. மெல்லிய பத்திரிகை அட்டையில் இளம் பழுப்பாகப் படம் பொறிக்க டயோடுதான் இன்னும் நன்றாகச் செய்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களை இந்த 60 வாட் ஏமாற்றிவிடும். ஸ்டீல் 10.6 மைக்ரான் ஒளியைப் பெரும்பாலும் பிரதிபலித்துவிடுகிறது. 1.06 மைக்ரானில் வேலை செய்யும் 20 வாட் ஃபைபர் லேசர் அதே டம்ளரில் சில நொடிகளில் பெயரைப் பொறித்துவிடும். சீர்வரிசைப் பாத்திரமே பாதி வியாபாரம் என்கிற கடை, வாட் எண்ணைப் பார்த்து இந்த மிஷினை வாங்கக் கூடாது.

அக்ரிலிக்கும் மரமும்தான் பிழைப்பு என்றால் தயங்காமல் வாங்கலாம். அதே பணத்துக்கு 80 வாட்டும் ரேடியேட்டர் வகைக் குளிர்விப்பானும் ஒருவர் கொடுத்து, 60 வாட்டும் கம்ப்ரஸர் சில்லரும் இன்னொருவர் கொடுத்தால், இரண்டாமவரிடம் வாங்குங்கள். 80 என்று எழுதிய டியூப்கள் பல உச்சபட்ச எண்ணைத்தான் எழுதியிருக்கின்றன, நாள் முழுக்கத் தருவதை எழுதவில்லை. டியூபின் நீளத்தை டேப் வைத்து அளந்து, அதன் தயாரிப்பாளர் தரும் அட்டவணையோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். கையோடு ஸ்பேர் டியூப் ஒன்றும் வாங்கி வையுங்கள் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டாமல் பரணில் வைத்திருந்தாலும் உள்ளிருக்கும் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தேவைப்படும் நாளில், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்த்துப் புதிதாக வாங்குவதே நல்லது.