கடல் கடந்த 'கூலி'

தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்கள் என்று கட்டுமரம், மிளகுதண்ணீர், சுருட்டு முதலியவற்றை எண்ணிப் பெருமைப்படுவது நம்மவர் வழக்கம். அவ்வரிசையிலே 'கூலி'யையும் சேர்த்து மகிழ்வோர் உளர். மகிழ்வதற்கு இதில் என்ன இருக்கிறது?

தமிழிற் கூலி என்பது ஆளன்று. ஆள் பெறும் ஊதியம். வள்ளுவர் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில் முயற்சியின் பயனுக்கே இச்சொல்லை ஆளுகிறார். இழிவின் நிழலும் அங்கில்லை. ஆங்கிலத்திலோ அது மனிதனுக்குப் பெயராயிற்று. யூல், பர்னல் இருவரும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரையும் தமிழ்க் கூலியையும் இதன் மூலமாக ஆராய்கிறது. மூலம் எதுவாயினும், பொருளை வளர்த்தது வரலாறே. பிரித்தானியரின் கரும்புத் தோட்டங்களில் 1834இல் அடிமைமுறை ஒழிந்தபின், மொரிசியசுக்கும் கயானாவுக்கும் ஒப்பந்தத்திற் கப்பலேறியவர்க்கெல்லாம் அதுவே பெயர். சீனரும் அதற்குத் தப்பவில்லை. தென்னாப்பிரிக்காவிலே தொழில்கூட வேண்டியதில்லை. இந்தியனாய்ப் பிறந்தாற் போதும். வழக்கறிஞரான காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார்.

மாத்தளையார்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. மன்னாரிலிருந்து தம்புள்ளைக் காடுகளினூடே நடந்து, வழியில் வாந்திபேதிக்குப் பலரைப் பலிகொடுத்து இவ்வூரை அடைந்தவர்களே கோப்பித் தோட்டங்களை உண்டாக்கினர். அவர்களோடு பேசுவதற்கெனச் சின்னத்துரைமார்க்கு அச்சிட்ட தமிழ் வழிகாட்டியொன்றின் பெயர் 'இங்கே வா'. நூலின் தலைப்பே ஏவல்! இலக்கணம் கற்பிப்போர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஆயினும் பழி முழுவதையும் வெள்ளையன் தலையிற் சுமத்திவிட இயலாது. 'கூலிக்கு மாரடித்தல்' என்ற வழக்கை அவனா நமக்குத் தந்தான்? 'தோட்டக்காட்டான்' என்ற வசையைத் தமிழரே தமிழர்க்குச் சூட்டினர். உழைத்துண்பவனை இகழும் மனம் நம்மிடமும் உண்டு.

எனவே, 'கூலி'யை அடித்துத் 'தொழிலாளி' என்று எழுதிவிட்டாற் கறை நீங்கிவிடும் என்போர் கூற்றை ஏற்பதற்கில்லை. தோட்டங்களிலே ஒருநாட் சம்பளத்துக்கு வழங்கும் சொல் 'பேர்'. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஆங்கிலம் கூலியின் பெயரை ஆளுக்கு இட்டது; செக்றோலோ ஆளின் பெயரையே கூலியாக்கி, அதையும் பாதியாக வெட்டுகிறது. நமது சொல்லாராய்ச்சியாளர் இச்சொல்லை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளியானதும் மலையெங்கும் எழுந்த சண்டை, எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் என்பதைப் பற்றியதே.