சமகாலம் என்னும் அடைமொழி
இலக்கிய வரலாற்றில் அதன் பயன்பாடு பற்றிய சில சிந்தனைகள்

நமது திறனாய்வுக் கட்டுரைகளிலே மிகுதியாகப் பயின்றுவரும் அடைமொழிகளுள் ‘சமகால’ என்பதும் ஒன்றாகும். சமகால இலக்கியம், சமகாலக் கவிஞர், சமகாலப் பிரச்சினை என்றெல்லாம் எழுதுகின்றோம். இவ்வடையை நாம் எப்பொருளில் வழங்குகின்றோம் என்பதையும், அவ்வழக்கு ஈழத்து இலக்கிய வரலாற்றை எவ்வாறு பாதிக்கின்றது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமகாலம் என்பது அடிப்படையில் ஓர் உறவைக் குறிக்கும் சொல். 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலரும் 1823இல் மருதூரிற் பிறந்த இராமலிங்க அடிகளும் சமகாலத்தவர் என்னும்போது, இருவர் வாழ்வும் ஒரே காலப் பரப்பில் நிகழ்ந்தன என்பதே பொருள். ஈண்டு ஒப்பிடப்படும் இரு பொருள்களும் வெளிப்படையாக உள்ளன. ஆனால் ‘சமகாலக் கவிதை’ என்னும்போது இரண்டாவது பொருள் மறைந்துவிடுகின்றது. எதற்குச் சமகாலம் என்று வினவினால், எழுதுபவருடைய நிகழ்காலத்துக்கு என்பதே விடையாகும். எனவே ‘இன்று’, ‘நாளை’ என்பன போல இச்சொல்லும் சொல்பவரோடு இடம்பெயர்கின்றது. எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ 1984இல் வெளிவந்தபோது அது சமகாலக் கவிதைத் தொகுப்பு. இன்றைய மாணவனுக்கோ அது நாற்பதாண்டுக்கு முற்பட்ட ஆவணம். அக்காலத்துக் கட்டுரையொன்றில் ‘சமகால’ என்று கண்டதை ஆண்டு நோக்காது அப்படியே எடுத்தாளும் மாணவன் இரு தலைமுறைகளை ஒன்றாக்கிவிடுகின்றான்.

உடனிகழ்வைக் குறிக்கத் தமிழிலக்கணம் வேறொரு வழியையும் வகுத்துள்ளது. மூன்றாம் வேற்றுமையின் ‘ஒடு’, ‘ஓடு’ உருபுகளுக்கு உடனிகழ்ச்சி ஒரு பொருளாகும். ஆனால் ஒரு வினையில் இருவர் உடனியைபு பெறுமிடத்து, ஒடுச்சொல் உயர்ந்தவர் பெயரின் வழியே வரும் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே கூறுவது மனங்கொள்ளத்தக்கது. அரசரோடு இளையர் வந்தனர் என்பதே மரபு. இளையரோடு அரசர் வந்தார் என்பதன்று. ஒரே வேளையில் வந்த இருவருள்ளும் ஒருவர் தலைமை பெறுகின்றார், மற்றவர் உடன்வந்தவராகின்றார். காலத்தால் ஒத்தவர்கள் தகுதியால் ஒவ்வாதவர்களாக அமைகின்றனர்.

இந்த ‘ஒடு’ நமது இலக்கிய வரலாற்று நூல்களிலும் புகுந்துள்ளது என்பதே என் கருத்து. ‘தமிழகத்தோடு ஈழத்திலும் சிறுகதை வளர்ந்தது’ என்று எழுதுகையில், நாம் அறியாமலே தமிழகத்தை முதலாகவும் ஈழத்தை உடன்வருவதாகவும் கொள்கின்றோம். ஆண்டுகளை நோக்குமிடத்து நிலைமை இத்துணை எளியதன்று. வேதநாயகம்பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. இடைவெளி ஆறு ஆண்டுகளே. சுன்னாகத்திலிருந்து ‘ஈழகேசரி’ 1930இல் வெளிவரத் தொடங்கியது. ‘மணிக்கொடி’ தோன்றியது 1933இல். இதழ் முந்தியது என்பதனாற் சிறுகதையும் முந்தியது என்று வாதிடுதல் பிழையாகும். ஆயினும் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர் முப்பதுகளிலே எழுதத் தொடங்கி, ‘கலைமகள்’ முதலான தமிழக இதழ்களிலும் இடம்பெற்றவர்கள். மணிக்கொடி எழுத்தாளரின் வாரிசுகள் என்பதினும் அவர்தம் சமகாலத்தவர் என்பதே இவர்களுக்குப் பொருந்தும். இதனாற் செல்வாக்கை மறுத்தோமாகாது. செல்வாக்கு வேறு, பிந்திய நிலை வேறு. சமகாலத்தவரும் ஒருவர்மீதொருவர் செல்வாக்குச் செலுத்தலாம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரே காலத்தன என்பதனால் ஒரே தன்மையன என்று முடிவுகட்டுதல் மற்றொரு வழு. முன்னர்க் குறித்த நாவலரும் அடிகளும் ஓராண்டுக்குட் பிறந்தவர்கள். இருவரும் சைவச் சூழலில் வளர்ந்தவர்கள். எனினும் 1869இல் நாவலர் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதுமளவுக்கு அவர்தம் நோக்குகள் முரண்பட்டன. மறுதலையாக, காலத்தால் ஒவ்வாதவை தன்மையால் ஒத்திருத்தலும் உண்டு. பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில ஆய்வு நூலிற் சங்கச் செய்யுள்களைக் கிரேக்க காவியங்களோடு ஒப்புநோக்கியமை காலவொருமை பற்றியன்று. சமுதாய நிலையினதும் வாய்மொழி மரபினதும் ஒப்புமை பற்றியேயாம். ஒத்த காலம், ஒத்த நிலை என்னும் இரண்டனையும் பிரித்தறியாத திறனாய்வு, ‘இதே காலத்தில்’ என்னும் தொடரையே காரணம் காட்டும் தொடராகக் கொண்டுவிடும்.

இனி, சமகாலம் என்று சொல்வதற்குச் சான்று வேண்டும். அச்சான்று பெரும்பாலும் இதழ்களின் திகதிகளிலேயே உள்ளது. நூலுருப் பெறாது இதழ்களிலேயே தங்கிவிட்ட எழுத்து நம்மிடையே மிகுதி. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். ஏட்டுச் சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் அவற்றோடு அழிந்தன. அன்று எரிந்தவை நூல்கள் மட்டுமல்ல. எது எதனோடு ஒருங்கு நிகழ்ந்தது என்று நிறுவுவதற்கான ஆதாரங்களும் எரிந்தன. திகதி இல்லாத எழுத்தைப் பிந்தியது என்று தள்ளுவது எளிது. முந்தியது என்று பெருமை பேசுவதும் எளிது. இரண்டும் வரலாறாகா. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் ஈழத்து இதழ்களை எண்ணிமப்படுத்திவருவதன் பயன் இந்நோக்கிலேயே மிகப் பெரிது. ஓரிதழின் முகப்பிலுள்ள மாதமும் ஆண்டும், பல பக்க ஊகங்களை விலக்கவல்லன.

ஆகவே மாணவர் இவ்வடைமொழியை ஆளுமிடத்து மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் நன்று. யாருக்குச் சமகாலம்? எந்த ஆண்டுகளை ஆதாரமாகக் கொண்டு? காலவொருமைக்கு அப்பால் வேறேதேனும் ஒருமையைச் சொல்லாமற் சொல்கின்றோமா? இவற்றுக்கு விடையிறுக்க இயலாதவிடத்து, ஆண்டைக் குறித்துவிட்டு அமைதலே தகும். ‘சம’ என்னும் முன்னொட்டு ஒப்புமையைச் சுட்டுவது. ‘ஒடு’ தராத அவ்வொப்புமையை ஈழத்து எழுத்துக்கு இச்சொல் தரவல்லது. ஆனால் உரிய சான்றோடு சொல்லும்போதே அது வரலாற்று உண்மையாகும்.