விழுந்தாலும் வலிக்காத மலை

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் யோசிப்பதே இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் வடமேற்கில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகளுக்குப் போங்கள் என்று சொல்லிவிடுகிறேன். "ஓடாதே, ஏறாதே, விழுந்துடுவே" என்று வீட்டில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகளுக்கு அங்கே வேலையே கிடையாது. ஓடலாம், ஏறலாம், விழலாம். விழுவதற்காகவே மறுபடியும் ஏறலாம்!

முதலில் டூன் கிளைம்ப். காரை நிறுத்தி இறங்கினால் எதிரே நேராக மணல் எழுந்து நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் மனிதர்கள் எறும்புகளாகத் தெரிகிறார்கள். என் பெரியவளும் சின்னவனும் செருப்பைக் காரிலேயே எறிந்துவிட்டு ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்தால் கால் அரை அடி கீழே சறுக்குகிறது. பெரியவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. குழந்தைகளோ நாலு காலில் தவழ்ந்து நமக்கு முன்னால் போய்விடுகிறார்கள். வழியில் களைத்து உட்கார்ந்திருப்பவர்கள், முன்பின் தெரியாத அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குக் கைதட்டி உற்சாகம் கொடுக்கிறார்கள்.

உச்சியில் நின்று திரும்பினால் கிளென் ஏரி. அடடா, அந்த நீலம்! கரையோரம் இளம்பச்சை, நடுவே கருநீலம், சுற்றிலும் காடு. குழந்தைகள் அதை ஒரு கணம்தான் பார்த்தார்கள். அடுத்த கணம் கையை விரித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓட்டம். ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் மாமியார் அடிவாரத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். உடன்குடிக்காரர். தேரிக்காட்டுச் செம்மணலில் ஓடி வளர்ந்தவர். "ஏல, மெதுவா வால!" என்று கத்தியவர், பேரன் உருண்டு வந்து காலடியில் விழுந்து சிரித்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் பாதி மேடு ஏறிவிட்டார். இந்த வயதில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. இறங்கி வந்து எல்லோரும் சாப்பிட்ட புளிச்சோற்றுக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் எந்த ஓட்டல் விருந்தும் ஈடாகாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உச்சிக்குப் போனதும் பெரிய ஏரி தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கப்பாலும் மேடு, பள்ளம், மறுபடி மேடு. மிச்சிகன் ஏரியைத் தொட்டுத் திரும்ப மூன்றரை மைல். மணலில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். தண்ணீரும் நிழலும் வழியில் இல்லை. சிறு பிள்ளைகள் இருந்தால் காரிலேயே ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள்.

இந்த மணல்மேடுகள் அடங்கிய பூங்காவில் பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கொடுக்கிறார்கள். அதிலுள்ள பயிற்சிகளை முடித்தால் ஒரு பதக்கம். அதற்காகப் பெரியவள் எதையும் விடவில்லை. பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மேட்டுநிலத்தின் மேல், ஏரிக்காற்று அள்ளிவந்து கொட்டிய மணல் இது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். மணல் மூடினாலும் அதற்கு மேலே மேலே முளைத்து வேரால் மணலைப் பிடித்து வைக்கும் புல்லைக் காட்டினாள். மேடு நகர்ந்து வந்து மூடிக் கொன்றுவிட்டு, பிறகு விலகிப் போனதில் வெளிப்பட்ட பட்டமரங்களின் கூட்டத்தைக் காட்டினாள். ஆம், இந்த மேடுகள் நகர்கின்றன! கரையில் இருந்த கப்பல் மீட்பு நிலையத்தை மணல் நெருங்கிவிட்டதால் 1931-இல் அந்தக் கட்டடத்தையே கிளென் ஹேவன் பக்கம் நகர்த்தி வைத்தார்களாம்.

அந்த நிலையம் இன்று அருங்காட்சியகம். கோடைகாலத்தில் அங்கே நடக்கும் செயல்விளக்கத்தைத் தவறவே விடாதீர்கள். புயலில் சிக்கிய கப்பலுக்குச் சிறு பீரங்கியால் கயிறு எய்து, அந்தக் கயிற்றில் மிதவையைத் தொங்கவிட்டு ஆட்களை ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்த காலம் ஒன்று இருந்தது. அதைத் துணிப்பொம்மைகளை வைத்து அப்படியே செய்து காட்டுகிறார்கள். கயிறு இழுப்பது பார்க்க வந்த குழந்தைகள்தான். பொம்மை பத்திரமாகக் கரை சேர்ந்ததும் எங்கள் சின்னவன் ஒரு மனித உயிரையே காப்பாற்றியவன் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றான். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தாலும் இது வருமா?

பிறகு மிச்சிகன் ஏரித் தண்ணீர். என் மாமியார் உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியில ஒரு சொட்டு உப்பு இல்லியே!" என்று அசந்துபோனார். அலை உண்டு, மறுகரை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண் எரியாது, உடம்பு பிசுபிசுக்காது. கரையெங்கும் கூழாங்கற்கள். அவற்றில் பெட்டோஸ்கி கல்லைத் தேடுவது தனி ஆனந்தம். காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல்நிறக் கல்; நனைத்தால் அறுகோணக் கட்டங்கள் பளிச்சென்று எழும்பும். 35 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு, இந்த நிலம் வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்தபோது வாழ்ந்த பவளத்தின் புதைபடிவம் அது. 1965 முதல் மிச்சிகனின் மாநிலக் கல். பூங்காவிலிருந்து எடுத்துப்போகச் சட்டம் இடம் கொடுக்காது. பார்த்து, படம் பிடித்து, திரும்பத் தண்ணீரிலேயே போட்டோம்.

மாலையில் பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலை. அந்தப் பெயர்கொண்ட மரவியாபாரி, தான் ரசித்த காட்சிகளை ஊரும் பார்க்கட்டும் என்று போட்ட பாதை, 7.4 மைல் வளைந்து வளைந்து காட்டுக்குள் போகிறது. வழியில் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று. பழைய பாலத்தின் பலகை ஓரங்களை முள்ளம்பன்றிகள் கொறித்துத் தின்றன என்று கேட்டதிலிருந்து, வேறெந்தக் காட்சியும் பிள்ளைகளுக்கு அதற்கு ஈடாகவில்லை.

எனக்கோ ஒன்பதாம் எண் பார்வைமேடை. ஏரி 450 அடி கீழே கிடக்கிறது. மணல் சரிவு அப்படியே தண்ணீருக்குள் விழுகிறது. சிலர் இறங்கிவிட்டு ஏறமுடியாமல் திணறுகிறார்கள். நீங்கள் மேடையிலேயே நில்லுங்கள், அதுவே போதும், போதும்! தூரத்தில் மானிட்டூ தீவுகள். அனிஷினாபே பழங்குடி மக்கள் சொல்லும் கதை அந்தத் தீவுகளைப் பற்றியதுதான். எதிர்க்கரையில் காட்டுத்தீ மூள, தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் ஏரியை நீந்திக் கடக்கின்றன. தாய் கரையேறிக் காத்திருக்கிறது. குட்டிகள் கரைக்குச் சற்று முன்னே மூழ்கிவிடுகின்றன. அவைதான் அந்தத் தீவுகள்; காத்திருந்த இடத்திலேயே மணலாகிப்போன தாய்தான் 'ஸ்லீப்பிங் பேர்', அதாவது தூங்கும் கரடி. இதைக் கேட்டதும் சின்னவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஜூலையில் போங்கள். அப்போதுதான் அந்தப் பக்கமெல்லாம் செர்ரி பழுத்துச் சாலையோரக் கடைகளில் குவிந்திருக்கும். சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டிவிடும் என்பதால் ஒரு நாளில் இரண்டு நாள் விளையாடலாம். மதிய வெயிலில் மணல் சுடும், காலையிலேயே டூன் கிளைம்புக்கு வந்துவிடுங்கள். நுழைவுச்சீட்டு ஏழு நாள் செல்லும். பிள்ளைகள் மறுநாளும் அங்கேதான் போகவேண்டும் என்பார்கள், ஆகவே ஒரே நாளில் திரும்புகிற மாதிரி மட்டும் திட்டம் போடாதீர்கள்.