துரைமார் கற்ற தமிழ்

1366இல் அயர்லாந்தின் கில்கெனியில் கூடிய மன்றம், அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மொழி பேசக்கூடாது, ஐரிஷாரோடு மணவுறவு வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. வந்தவர்கள் ஊராரோடு கலந்து கரைந்துபோவார்கள் என்ற அச்சம் அது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழித்து இலங்கை மலையகத்தில் ஏறிய ஆங்கிலேயத் தோட்டத் துரைமாரோ மொழி கற்றே தீரவேண்டியிருந்தது. அவர்கள் கற்றது கண்டிச் சிங்களவரின் மொழியல்ல, தொழிலாளரைத் திரட்டும் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடுவதற்கான தமிழ். சின்னதுரைமாருக்கென வந்த ஒரு கையேட்டின் பெயரே 'இங்கே வா'.

மலையகக் குடியேற்றத்தில் துரை, கண்டிச் சிங்களவர், தமிழ்த் தொழிலாளர் என மூன்று தரப்பு உண்டு என்பதை அந்தப் பெயர் காட்டிக்கொடுக்கிறது. ஆய்வுகளோ பெரும்பாலும் இரண்டிரண்டாகவே பேசுகின்றன.

1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து நுவரெலியாவில் பண்ணை போட்டார். அது ஆளில்லாத மேட்டுநிலம் என்ற எண்ணம் துரைமாரிடம் இருந்தது. ஆனால் அங்கே பழைய வாய்க்கால்களின் தடங்களும் இரத்தினக்கல் தோண்டிய குழிகளும் கிடந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

காகிதத்தில் அந்தத் தடங்களுக்கு மதிப்பில்லை. உரிமை காட்ட முடியாத காட்டையும், காடெரித்துப் பயிரிடும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொள்ள 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. தலைமுறைகளாக மாடு மேய்த்த கிராமத்தானிடம் உறுதிப்பத்திரம் ஏது? இதனால் கிராமம் எவ்வளவு நலிந்தது என்பதுதான் இத்துறையின் நீண்ட விவாதம். 1983இல் வெளிவந்த நூலில் அசோகா பண்டாரகே அந்த இழப்பை அழுத்திச் சொல்கிறார். கோப்பித் தோட்டங்களில் பெரும்பகுதி உயர்காட்டை அழித்தே எழுந்தது என்பது மறுதரப்பின் வாதம். மேய்ச்சலும் விறகும் அந்தக் காட்டில்தான் இருந்தன என்பதால், இந்த வாதம் இழப்பைக் குறைத்துக் காட்டுவதாகவே படுகிறது.

தமிழ்த் தொழிலாளர் பற்றிய எழுத்து வேறொரு தட்டில் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துக்கு உள்ளிருந்து எழுதினார். டொனோவன் மோல்ட்ரிச் கோப்பிக் காலத்து மரணங்களைத் தொகுத்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பேச்சுக்கும் துரையின் கணக்குமொழிக்கும் இடையிலான மோதலை வலன்டைன் டானியேல் 1996இல் நுட்பமாக ஆராய்ந்தார். துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் கதை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஐரோப்பிய-ஆசியர் பற்றிய குமாரி ஜயவர்தனவின் 2007ஆம் ஆண்டு நூல் அந்த மௌனத்தை உடைக்க உதவியது.

எல்லை தாண்டிய துரையும் உண்டு. மடுல்கெலைப் பக்கத்தில் வேலை பார்த்த இளைஞர் பிரேஸ்கேர்டில், 1937இல் நாவலப்பிட்டியில் தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினார். ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார், உயர்நீதிமன்றம் தடுத்தது. கில்கெனிக்காரர் அஞ்சிய ஆள் இவராகத்தான் இருப்பார்.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1951இல் கண்டி விவசாயிகள் ஆணைக்குழு கிராமத்தின் வறுமையை அறிக்கையாக்கியது. ஒரே தோட்டத்தின் இரு பக்கமும் இரண்டு கோப்புகளாகப் பிரிந்தன. கோப்பிக்காகக் காடு வெட்டியவர்கள் பெரும்பாலும் கோடரியோடு வந்த சிங்களக் கிராமத்தவர். வெட்டிய நிலத்தில் கன்று நட்டவர்கள் தமிழர். அந்தச் சரிவில் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் இனி எழுதப்பட வேண்டிய அத்தியாயம்.