எலிப்பாசும் நானும்

யோபு நூலைப் பொறுமையின் நூல் என்றே படித்துப் பழகிவிட்டோம். யாக்கோபின் திருமுகம் யோபின் பொறுமையை எடுத்துக்காட்டாக வைத்ததால் இப்பழக்கம் நம்மிடையே வேரூன்றியது எனலாம். ஆனால் நூலின் 42 அதிகாரங்களுள் அந்தப் பொறுமைசாலி முதல் இரண்டு அதிகாரங்களில்தான் காணக்கிடைக்கிறார். 3ஆம் அதிகாரத்தில் வாய் திறக்கும் யோபு தாம் பிறந்த நாளையே பழிக்கத் தொடங்குகிறார். 31ஆம் அதிகாரம் வரை ஓய்வதில்லை. கத்துகிறார், கேலி பேசுகிறார், கடவுளை வழக்காட அழைக்கிறார். நம் மறையுரைகளில் இந்த யோபுக்கு இடமில்லை. நாம் மேடையேற்றுவது சாம்பலில் அமர்ந்து வாய் மூடியிருக்கும் யோபை மட்டுமே.

குருமடத்தில் நாங்கள் இந்நூலைக் கற்ற முறையையும் சொல்ல வேண்டும். பெரிய கிரகோரியார் யோபு நூலுக்கு 35 பகுதிகளில் ஒழுக்கவியல் உரை வரைந்தார்; அதில் யோபின் நண்பர்கள் தப்பறையாளரின் உருவகங்கள். புனித தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையில், இந்நூல் இறைப் பராமரிப்பைக் குறித்த ஒரு தருக்கம்; நண்பர்கள் எதிர்வாதிகள். இரண்டும் மாபெரும் உரைகள். அவற்றைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இரண்டிலும் ஒன்று நழுவிப்போகிறது. அவர்கள் மூவரும் வாதம் புரிய வரவில்லை. தங்கள் நண்பன் நொடித்துப்போனான் எனக் கேள்விப்பட்டு, தம்முள் பேசி முடிவு செய்து, தத்தம் ஊரிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். நம் மக்கள் மொழியில் சொன்னால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள். யோபு நூலை ஒரு துக்க வீட்டின் நூலாக வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் முயற்சி.

இரண்டாம் அதிகாரத்தின் இறுதி மூன்று வசனங்களை மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன். தொலைவிலிருந்து பார்த்தபோது யோபை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. வாய்விட்டு அழுதார்கள், உடையைக் கிழித்துக்கொண்டார்கள், தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டார்கள். பின்னர் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. இடருற்ற ஆண்மகனுக்கு ஆண்கள் துணைநின்ற காட்சிகளுள் இதனினும் சிறந்த ஒன்றைத் திருவிவிலியத்தில் நான் கண்டதில்லை. அந்த ஏழு நாளும் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகியோர் செய்த பிழை ஒன்றுகூட இல்லை.

பிழை எங்கே தொடங்கியது? யோபு பேசியதும் தொடங்கியது. எலிப்பாசு முதலில் மிகுந்த பணிவோடுதான் வாய் திறக்கிறார். பேசினால் வருத்தப்படுவீரோ என்று கேட்டுக்கொண்டே பேசுகிறார். அடுத்து வரும் பில்தாது, இறந்துபோன பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று தகப்பனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். சோப்பாரோ, உன் குற்றத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை குறைவுதான் என்கிறார். 22ஆம் அதிகாரம் வரும்போது, பணிவோடு தொடங்கிய அதே எலிப்பாசு, யோபு செய்யாத பாவங்களைப் புதிதாகக் கற்பித்துப் பட்டியலிடுகிறார்: பசித்தவனுக்கு உணவு மறுத்தாய், கைம்பெண்ணை வெறுங்கையாய் அனுப்பினாய் என்று. தம் கொள்கையைக் காப்பாற்ற நண்பனைக் குற்றவாளியாக்கும் அளவுக்கு ஒரு நல்ல மனிதர் இறங்கிவருவதை இந்நூலாசிரியர் படிப்படியாகக் காட்டியிருப்பது வியப்புக்குரியது. மூன்றாம் சுற்றில் பில்தாதுக்கு ஆறே வசனங்கள். சோப்பாருக்கு ஒன்றுமே இல்லை. மூலபாடம் இங்கே சிதைந்திருக்கலாம் என்பர் அறிஞர். எனக்கோ, சொல் தீர்ந்துபோன மனிதர்களாகவே அவர்கள் தோன்றுகிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? விடையை யோபே 6ஆம் அதிகாரத்தில் சொல்லிவிடுகிறார். கோடையில் வற்றிப்போகும் காட்டாற்றுக்கு நண்பர்களை ஒப்பிடும் அவர், என் நிலையைக் கண்டீர்கள், அஞ்சிவிட்டீர்கள் என்கிறார். அச்சம்! குற்றமற்றவன் இப்படி விழக்கூடுமானால் நாளை நானும் விழலாமே என்னும் அச்சம். அதனால்தான் அவனிடம் ஏதேனும் குற்றம் இருந்தாக வேண்டும். அறிவுரை பல வேளைகளில் அறிவுரை சொல்பவன் தனக்குப் போட்டுக்கொள்ளும் கவசமே.

நம் ஊர்த் துக்க வீடுகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். இறந்தவரைச் சொல்லி அழும்போதே தன் கணவன் குடிப்பதையும், தன் மகள் வாழாவெட்டியாய் வந்திருப்பதையும் சேர்த்து அழுதுவிட அந்தப் பாட்டில் இடமுண்டு. வெளியே பந்தலில் ஆண்கள் பெஞ்சிகளில் அமர்ந்து மழையைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் பேசுகிறார்கள். தமிழ் மரபு பெண்ணுக்கு அழுகையை ஒரு கலைவடிவாகவே கொடுத்தது. சங்கப் புலவர் கையறுநிலை பாடினர் என்பது உண்மையே. ஆனால் அது புலவனுக்குரிய உரிமை. சாதாரண ஆண்மகனுக்கு என்ன கொடுத்தோம்? ஒரு பீடியும், ‘மனசைத் தேத்திக்கோ’ என்னும் ஒரு சொல்லும். அவ்வகையில் யோபு நூல் ஓர் ஆண்மகனின் ஒப்பாரி. அதை உடனிருந்து முழுவதும் கேட்க ஆளில்லாமல் போனதே அதன் துயரம். (யோபின் மனைவிக்கு ஒரே ஒரு வசனம்தான் கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது. இறந்த பத்துப் பிள்ளைகளும் அவளுக்கும் பிள்ளைகளே. கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு அவளுக்குச் சற்று நீண்ட பேச்சைத் தந்திருப்பது நியாயமே.)

இவ்விடத்தில் புறநானூற்றின் கோப்பெருஞ்சோழன் நினைவுக்கு வருகிறான். பெற்ற பிள்ளைகளே படையெடுத்து வர, மனம் நொந்து வடக்கிருந்தவன். அவனை ஒருநாளும் நேரில் கண்டிராத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து அருகில் அமர்ந்து உடன் உயிர்நீத்தார். நட்பின் சிகரம் என்று இதைப் பள்ளியில் படித்தோம். நானும் மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். இப்போது எனக்கு ஐயம் வருகிறது. உடன் இறப்பதைப் பாடிய நாம், உடன் அமர்ந்து அவனை எழுப்பி வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நண்பனைப் பாடினோமா? பிள்ளைகளோடு போர் வேண்டாம் என்று அதே சோழனைத் தடுத்த புல்லாற்றூர் எயிற்றியனாரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

இதையெல்லாம் நான் நூலகத்தில் கண்டுபிடிக்கவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எந்திரம் வாங்க வட்டிக்கு எடுத்த பணம் வளர்ந்து, வேலை குறைந்து, கடன்காரர்கள் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து முதல் பூசை முடிந்ததும் நான் உடை மாற்றும் அறையின் வாசலில் வந்து நின்றார். “ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது சாமி” என்றார். அடுத்த பூசைக்கு மணி அடிக்கப்போகிறது. நான் அவர் தோளைத் தட்டி, “யோபைப் பாருப்பா, அவர் இழக்காததையா நீ இழந்துவிட்டாய்? செபம் செய், எல்லாம் சரியாகும்” என்றேன். மூன்று ஞாயிறும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். நான்காம் ஞாயிறு அவர் வரவில்லை. எனக்கு அது உறைக்கவுமில்லை. அவ்வாரத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பங்குப் பேரவையின் மூத்தவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா என்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இத்தகையோருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்நினைவு முதியவர்களிடம் இன்றும் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, 1184ஆம் எண்ணில், அவர்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது. இதை விளக்கி, கோயிலுக்குள் கொண்டுவரச் செய்து, முழுத் திருப்பலி நிறைவேற்றினேன். சாமிக்குப் பெரிய மனசு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இறந்தபின் கதவைத் திறக்க எனக்குச் சட்டம் தெரிந்திருந்தது. உயிரோடு வாசலில் நின்றவரை உள்ளே அழைத்து ஒரு நாற்காலி போடத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பின் அவர் மனைவி என்னிடம் வந்தார். குறைசொல்லும் குரலில் பேசவில்லை. “அவரு எதையும் கேக்க வரல சாமி. சொல்லத்தான் வந்தாரு” என்றார். அன்றிரவு யோபு நூலை எடுத்து 3ஆம் அதிகாரத்திலிருந்து படித்தேன். எலிப்பாசின் சொற்கள் வரும் இடங்களில் என் குரலே கேட்டது.

இது ஒருவருடைய கதை அன்று. தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். நம் பங்குகளில் இளையோருக்கு இயக்கம் உண்டு, பெண்களுக்குச் சுய உதவிக் குழுக்கள் உண்டு. ஆண்களுக்கென்று இருப்பவை பெரும்பாலும் வேலை செய்யும் சபைகள்: திருவிழாவுக்குத் தேர் இழுக்க, நிதி திரட்ட, பந்தல் போட. ஒருவன் தன் தோல்வியைச் சொல்லிக்கொள்ளும் இடம் எது?

ஒரே ஓர் இடத்தை நான் அறிவேன். குடிநோயிலிருந்து மீள்வோரின் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கி வைத்த முறை. எங்கள் பங்கு மண்டபத்திலும் வாரந்தோறும் மாலையில் கூடுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, அறிவுரை கூறுவதில்லை, தம் முறை வரும்போது தம் கதையைச் சொல்கிறார்கள், அவ்வளவே. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’வின் தொண்டர்களும், தொலைபேசியில் அழைப்பவருக்குத் தீர்ப்பு வழங்காமல் செவிகொடுப்பதையே பணியாகக் கொண்டவர்கள். உறக்கமற்றுத் தவிப்பவருக்கு மருத்துவரும் வேண்டும், மருந்தும் வேண்டியிருக்கலாம்; செபத்தை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பிய என் போன்றோர் இதையும் கற்க வேண்டியிருந்தது. கெத்சமனியில் நம் ஆண்டவரும் மூன்று நண்பர்களை அழைத்து, என்னோடு விழித்திருங்கள் என்றுதான் கேட்டார். விளக்கம் கேட்கவில்லை. அவர்கள் உறங்கியபோது மறுபடியும் திரும்பித் திரும்பி வந்தார். துணை கேட்பது ஆண்மைக்கு இழுக்கென்று எண்ணும் நம் ஆண்களுக்கு இப்பகுதியை நான் இப்போது அடிக்கடி வாசித்துக் காட்டுகிறேன்.

நூலின் முடிவுக்கு வருவோம். ஆண்டவர் எலிப்பாசைக் கடிந்துகொள்கிறார்: என் ஊழியன் யோபைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று. ‘என்னைப் பற்றி’ எனப் பெயர்க்கப்படும் எபிரேயச் சொல்லுக்கு ‘என்னிடம்’ என்பதே நேர்ப்பொருள். அவ்வாறு கொண்டால் நூல் முழுவதும் புதிய ஒளி படர்கிறது. நண்பர்கள் கடவுளைப் பற்றி இடைவிடாது பேசினார்கள். கடவுளிடம் ஒருமுறையும் பேசவில்லை. நண்பனுக்காக ஒரு மன்றாட்டுகூட அவர்கள் வாயில் இல்லை. யோபோ திட்டினாலும் அவரிடமே திட்டினார். பெரு நாட்டு இறையியலர் குஸ்தாவோ குத்தியேரஸ் 1986இல் வெளியிட்ட யோபு பற்றிய நூலில், தன் வலியில் தொடங்கிய யோபு ஏழைகளின் வலியைக் காணும் இடத்துக்கு நகர்வதைச் சுட்டுகிறார். 24ஆம் அதிகாரம் அதற்குச் சான்று. இறுதியில் தம்மைப் புண்படுத்திய நண்பர்களுக்காக மன்றாடுபவரும் அவரே. குடிநோயர் கூட்டத்தில் நான் காண்பதும் இதுதான்.

அதன்பின் வரும் ஒரு வசனத்தை உரையாசிரியர் பலர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். யோபின் சகோதரர், சகோதரிகள், முன்பு அவரை அறிந்திருந்தோர் அனைவரும் வீட்டுக்கு வருகிறார்கள், அவரோடு உணவு உண்கிறார்கள், ஆறுதல் சொல்கிறார்கள், ஆளுக்கொரு வெள்ளிக் காசும் ஒரு பொன் மோதிரமும் கொடுக்கிறார்கள். அப்பட்டமான மொய்! நொடித்த வீட்டுக்கு ஊரார் மொய் எழுதியிருக்கிறார்கள். ஆடும் ஒட்டகமும் இருமடங்காகப் பெருகியதை வானத்திலிருந்து விழுந்த வரமாகவே படித்துவந்த நமக்கு, அந்த முதல் வெள்ளிக் காசுகள் யார் கையிலிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றுவதில்லை. அந்த லேத் பட்டறைக்காரரின் கடன், எங்கள் திருவிழாவின் ஓரிரவு வாணவேடிக்கைச் செலவைவிட மிகுதியாக இருந்திருக்காது. அதையும் நான் பிறகுதான் விசாரித்து அறிந்தேன்.

விருந்துக்கு வந்தவர்களின் பெயர்களை நூலாசிரியர் தரவில்லை. முன்பு அறிந்திருந்தோர் அனைவரும் என்று மட்டுமே சொல்கிறார். பலி செலுத்திவிட்டு ஊர் திரும்பாமல் எலிப்பாசும் அந்தப் பந்தியின் ஓர் ஓரத்தில், இம்முறை ஒன்றும் பேசாமல், அமர்ந்திருந்தார் என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.